பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

புதிய பெச் (முதலாம் வருட அணி) வரப்போகிறது. போன முறை நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு, எதிரே யார் வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நடந்த அதே கலஹா வீதியில் இந்த முறை நீங்கள்தான் சீனியர். இந்த மடலைத் துணைவேந்தருக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவர்களிடம் சட்டம் இருக்கிறது, சுற்றறிக்கை இருக்கிறது, மார்ஷல்மார் இருக்கிறார்கள், ஆனால் ஊரிலிருந்து வந்து இறங்கிய ஒரு பிள்ளை விடுதியில் கழிக்கும் முதல் இரவு எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் யாரும் இல்லை. மூன்றாம் வருடமும் நான்காம் வருடமும் பரீட்சை, ஆய்வு என்று தங்கள் பாட்டில் ஒதுங்கிவிடும். புதுப் பிள்ளைகளை எப்படி வரவேற்பது, பகிடிவதை (ராகிங்) செய்வதா இல்லையா என்பது எப்போதும் இரண்டாம் வருடத்தின் கையில்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்புப் பக்கம். கலைப்பீடத்தில் படித்துவிட்டு வெளியே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வந்து இறங்கிய நாள் இன்றைக்கும் அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. விடியற்காலை பஸ் ஏறி, பொலன்னறுவை, தம்புள்ளை, மாத்தளை என்று வந்து, கண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, விடுதி வாசலுக்கு வரும்போது மழை. எங்கள் ஊர் மழை மாதிரி கொட்டி முடித்துவிட்டுப் போகிற மழை இல்லை, ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வந்து அப்படியே நின்றுவிடுகிற மழை. ஒரு தகரப் பெட்டி, ஒரு உரப்பைக்குள் அம்மா கட்டித் தந்த அரிசிமாவும் பருத்தித்துறை வடையும். வாசலில் ஒரு அக்கா நின்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது, ஏனென்றால் ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பியது அப்படி. அவர் என்னையும் பார்த்தார், பெட்டியையும் பார்த்தார், பிறகு கேட்டார்: "வாளி கொண்டு வந்தீங்களா?"

நான் வாளி கொண்டு போகவில்லை. யாரும் சொல்லவில்லை. விடியற்காலையில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் விடுதியில் வாளி இல்லாதவள் பாடு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அக்கா உள்ளே போய்த் தன்னுடைய சிவப்பு வாளியைக் கொண்டுவந்து தந்தார். பிடி உடைந்து, கறுப்பு மின்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. தூக்கும்போது விரல் வலிக்காமல் இருக்கக் கம்பிக்கு மேலே துணி சுற்றித் தைத்திருந்தார். "இது எனக்கும் ஒரு அக்கா தந்தது, அடுத்த வருசம் வாற பிள்ளைக்குக் குடுங்க" என்றார். அன்று இரவு குளிரில் பல்லுக் கிட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அதே அக்கா ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த வருடம் அந்த வாளியை நான் வவுனியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்குக் கொடுத்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பகிடிவதையைப் பற்றிக் கதைக்கும்போது எப்போதும் ஒரு வார்த்தை வந்துவிழுகிறது. மரபு. "இது கெம்பஸின் மரபு அக்கா, நாங்கள் கண்டுபிடித்ததா?" என்று போன மாதம் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். நல்ல பிள்ளை, கெட்டவன் இல்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறான். அவனுக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

பேராதனையின் மரபு என்றால் எங்கே இருந்து தொடங்குவது? இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் சங்கம் அமைத்துக் கேட்ட பொன்னம்பலம் அருணாசலத்திலிருந்து தொடங்கலாம். அவருடைய பெயர்தான் அருணாசலம் விடுதிக்கு. அவருடைய அண்ணன் பெயர்தான் இராமநாதன் விடுதிக்கு. கேட்டு 15 வருடம் கழித்து 1921 இல் கொழும்பில் ஒரு கல்லூரி வந்தது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. 1952 இல் மகாவலிக் கரையில் இந்த இடத்துக்கு வந்தது. மலைச்சரிவையும் ஆற்றையும் மரங்களையும் குலைக்காமல் கட்டிடம் கட்ட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டினார்கள். கட்டிடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் அந்த 1952 இலேயே இறந்துபோனார், அவர் நினைவாகத்தான் அல்விஸ் குளம். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணியோடு வந்த எடின்பரோ கோமகன்தான் முறைப்படி திறந்து வைத்தார். பல்கலைக்கழகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அவர் "வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன்" என்று சொன்னார். அந்த வசனம் பேராதனையில் நிலைத்துவிட்டது.

எனக்கு அந்த வசனம் மிகவும் பிடிக்கும். வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளால் ஊர்ச் சனம் போகிற வீதி இப்படி நடுவால் போகிறது? வளாகத்துக்குப் பக்கத்திலேயே சரசவி உயன என்று ரயில் நிலையம் இருக்கிறது. கலஹாவுக்குப் போகிற பஸ்ஸில் தோட்டத்துச் சனமும் விரிவுரையாளரும் மரக்கறி மூட்டையும் ஒன்றாகத்தான் வருகிறார்கள். அப்படித் திறந்து கிடக்கிற இடத்தில், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு அறைக் கதவைச் சாத்தி, உள்ளே ஒரு பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு, அதற்கு மரபு என்று பெயர் வைப்பது எப்படி?

இனி நான் சொல்லப்போவது கசப்பானது, ஆனாலும் சீனியராகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1975 இல் இராமநாதன் விடுதியில் ஒரு முதலாம் வருட மாணவி பகிடிவதைக்குப் பயந்து மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டு போய், அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. 1997 இல் பொறியியல் பீடத்துக்கு வந்த ஒரு முதலாம் வருட மாணவனைக் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த உடற்பயிற்சியில் சிறுநீரகம் செயலிழந்தது. அந்தப் பிள்ளை இறந்தே போனான். அவன் தமிழ்ப் பிள்ளை. அடித்துக் கொல்லவில்லை, கத்தியால் குத்தவில்லை, "எழும்பு, இரு, எழும்பு, இரு" என்று சொன்னார்கள், அவ்வளவுதான். சொன்னவர்களும் ஒரு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் அதே மாதிரி நின்ற பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். அடுத்த வருடம், 1998 இல், பாராளுமன்றத்தில் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ என்றால் 10 வருடம் வரை. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் "சும்மா பகிடிக்கு" என்று தொடங்குகிற ஒரு இரவில் உங்கள் படிப்பும் உங்கள் அம்மா அப்பாவின் இருபது வருட உழைப்பும் சேர்ந்தே போய்விடலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை, பேராதனை இல்லை, அது போதும். தகப்பன் மேசன் வேலை. அந்த ஒழுங்கையிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவன்தான். போகும்போது தாய் புதுப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாங்கி, மாறிப்போகக் கூடாது என்று இரண்டின் மூலையிலும் சிவப்பு நூலால் அவன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துக் கொடுத்தார். மூன்றாம் கிழமை திரும்பி வந்தான். லீவா என்று கேட்டதற்கு ஓம் என்றான். அந்த லீவு இன்னும் முடியவில்லை. இப்போது டவுனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறான்.

அவன் கோயிலில் காவியம் பாடுகிற பிள்ளை. மட்டக்களப்பு ஆட்களுக்குத் தெரியும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் வழக்குரை காவியம் பாடுவார்கள், நல்ல குரல் உள்ளவர்களைத்தான் பாட விடுவார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் பாடினான். குரல் அப்படி ஒரு குரல். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தான். "பாட்டுப் பாடத் தெரியுமா என்று கேட்டாங்க அக்கா. நான் காவியம் பாடுவன் என்று சொல்லிட்டன். அதுக்குக் கெட்ட வார்த்தை போட்டுப் பாடச் சொன்னாங்க. ஒவ்வொரு இரவும்." அவ்வளவுதான் சொன்னான். அந்த வைகாசியில் அவன் கோயிலுக்கு வந்தான், பின்வரிசையில் நின்றான், பாடவில்லை. அதற்கு அடுத்த வைகாசியிலும் பாடவில்லை.

அவனுடைய சீனியர்கள் இன்றைக்கு நல்ல உத்தியோகத்தில் இருப்பார்கள். அந்த இரவு அவர்களுக்கு ஞாபகமே இருக்காது. ஒரு பிள்ளையிடமிருந்து எதை எடுத்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்போது அந்தத் தம்பிக்குச் சொல்ல வந்த பதில். "எந்த ஊர்? என்ன தெரியும்? ஒரு பாட்டுப் பாடு" என்று புதிதாக வந்த பிள்ளையிடம் கேட்பது பேராதனையில் பழைய வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்ட ஒருவரும் இதே வளாகத்தில் இருந்தார்.

அது சு. வித்தியானந்தன். 1950 களில் பேராதனையில் தமிழ் படிப்பித்தவர். அதே வளாகத்தில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர இருந்தார், 1956 இல் அவருடைய 'மனமே' மேடையேறிச் சிங்கள நாடகத்தையே திருப்பிப் போட்டது. 'நாடகம' என்ற பழைய சிங்களக் கூத்து மரபிலிருந்து எடுத்துக் கட்டியது அது, அந்த மரபுக்கும் நம்முடைய கூத்துக்கும் உறவு உண்டு. நம்மிடமும் இருக்கிறதே, நாம் ஏன் செய்யவில்லை என்று வித்தியானந்தன் கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போனார். அப்போது கூத்து என்றால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். படிக்காதவர்கள் விடிய விடிய ஆடுகிற ஆட்டம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு வந்த கிராமத்துப் பிள்ளை தனக்குக் கூத்து ஆடத் தெரியும் என்று வெளியில் சொல்லவே கூச்சப்பட்ட காலம். அந்தப் பிள்ளைகளைத்தான் அவர் மேடையில் ஏற்றினார். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரை ஊரிலிருந்து வரவழைத்துப் பழக்கினார். வட்டக்களரியில் இரவு முழுக்க ஆடுகிற கூத்தைச் சுருக்கி, ஆட்டமும் தாளமும் கெடாமல் மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', 1967 இல் 'வாலி வதை'. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவன் மௌனகுரு பிறகு பேராசிரியராகிக் கூத்தையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். வித்தியானந்தன் பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

மத்தளம் முன்னால் போக, சலங்கை கட்டிய கால்கள் பின்னால் வர, வக்கீல் வீட்டுப் பிள்ளையும் வயல்காரன் பிள்ளையும் ஒரே வரிசையில் தாளம் பிசகாமல் ஆடினார்கள். அங்கே சீனியர் ஜூனியர் இல்லை. ஆடத் தெரிந்தவன் தெரியாதவனுக்குப் பழக்கினான், முதலாம் வருடப் பிள்ளைக்குத் தாளம் தெரிந்திருந்தால் நான்காம் வருடம் அவனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களும் "உனக்கு என்ன தெரியும்?" என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டது அந்தப் பிள்ளை கொண்டுவந்ததை எடுத்து எல்லோருக்கும் காட்டுவதற்கு. எங்கள் ஒழுங்கைப் பிள்ளையிடம் கேட்டது அதை உடைப்பதற்கு. 1962 இல் அவன் பேராதனைக்கு வந்திருந்தால் மேடையில் நின்று பாடியிருப்பான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கூத்து மட்டும் இல்லை. பல்கலைக்கழகம் கொழும்பில் இருந்த நாளிலேயே தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' இதழைத் தொடங்கிவிட்டது. பழைய இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கின்றன, ஒரு தரம் திறந்து பாருங்கள். மாணவர்கள் எழுதியவை. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் மாணவர்களாக நடந்த வளாகம் இது. 1960 களில் செங்கை ஆழியான், செம்பியன் செல்வன் என்று இங்கே படித்த பிள்ளைகள் ஒரு கூட்டமாகக் கதை எழுதினார்கள், தாங்களே தொகுத்து வெளியிட்டார்கள். இருபது, இருபத்தொரு வயதில். அந்த வயதுதான் உங்களுக்கும்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பகிடிவதை இல்லாவிட்டால் பெச் ஒன்றாகாது என்பீர்கள். கொழும்பிலிருந்து ஆங்கிலம் பேசிக்கொண்டு வருகிறவனும் கிளிநொச்சியிலிருந்து வருகிறவனும் ஒரே உடுப்பு, ஒரே செருப்பு, ஒரே தரையில் இருந்தால்தான் சமம் வரும் என்பீர்கள். இந்த நியாயத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை, ஏழைப் பிள்ளை தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஆனால் நடப்பதைப் பாருங்கள். தாங்க முடியாமல் போகும்போது காசுள்ள வீட்டுப் பிள்ளை கண்டியில் அறை எடுத்துக்கொள்கிறான், இல்லாவிட்டால் தனியார் கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறான். மேசன் மகனுக்குப் போக வேறு இடம் இல்லை. அவன் வீட்டுக்குத்தான் போவான். சமத்துவம் என்று சொல்லிக்கொண்டு நாம் வெளியே அனுப்புவது அந்தப் பிள்ளையைத்தான்.

ஆங்கிலம் என்றதும் ஒன்று. பேராதனையில் சிங்களப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். நம்மை வெட்டுகிற வாள். எவ்வளவு வலி இருந்தால் ஒரு மொழிக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள்! எனக்கும் அந்த வலி தெரியும், முதல் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று ஒரு வசனம் சொல்ல முடியாமல் இருந்த ஆள் நான். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவனைப் பேச விடாமல் தடுத்ததால் எனக்கு ஆங்கிலம் வந்ததா? வந்தது குப்பியால்.

குப்பி என்றால் என்ன என்று இந்தியாவில் இருக்கும் என் நண்பர்களுக்கு விளங்கப்படுத்த நான் பட்டபாடு! பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, பாடம் விளங்கின ஒருவர் விளங்காத பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பது. காசு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். சீனியர்மார் ஜூனியர்களுக்கு எடுப்பார்கள். கன்டீன் மூலையில், விடுதிப் படிக்கட்டில், மர நிழலில், எங்கேயும் நடக்கும். எனக்கு ஆங்கிலக் குப்பி எடுத்தவர் குருநாகலிலிருந்து வந்த ஒரு சிங்கள அக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, இருவருக்கும் நடுவில் அரைகுறை ஆங்கிலம்தான் இருந்தது, அதனாலேயே இரண்டு பேருக்கும் வேகமாக வந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் ஒரு வெள்ளைக் கடதாசியில் அம்புக்குறி போட்டு, எழுவாய் எங்கே, வினை எங்கே என்று காட்டுவார். அந்தக் கடதாசிகளில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெச்சை ஒன்றாக்குவது இதுதான். பேராதனையின் மரபு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது குப்பியைத்தான்.

"எங்களுக்கும் செய்தார்கள்" என்று ஒரு நியாயம் இருக்கிறது. அது கோபம். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது, உங்களுக்குச் செய்தவர்கள் மேல் முறைப்பாடு கொடுக்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் வருகிற பிள்ளை உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

இந்த வளாகம் பயத்தை வேண்டிய அளவு பார்த்துவிட்டது, தம்பிமாரே. 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள். 1989 இல், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில், அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டிய மனிதத் தலைகளை வைத்திருந்தார்கள், அவை சிங்கள வீட்டுப் பிள்ளைகளின் தலைகள். இன்று நீங்கள் தண்ணீர்ப் போத்தலோடு இருந்து படமெடுத்துக்கொள்கிற அதே குளம். அதற்குப் பிறகும் பிள்ளைகள் இங்கே வந்தார்கள், நூலகத்தில் இருந்தார்கள், பட்டம் வாங்கினார்கள். எங்கள் அம்மாமார் தாலிக்கொடியை அடகு வைத்து இங்கே அனுப்பியது, பயம் முடிந்துவிட்டது என்று நம்பித்தான். அந்தப் பயத்தை நம் பிள்ளைக்கு நாமே காட்டுவதா?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, முதல் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். பஸ்ஸால் இறங்கும்போது யாராவது நில்லுங்கள், தாய் தகப்பன் கூட வந்திருந்தால் அவர்களுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், பாதித் தகப்பன்மார் அது தெரியாமல்தான் வாசலில் தவித்துக்கொண்டு நிற்பார்கள். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அட்டை எடுப்பது எப்படி என்று காட்டுங்கள். மகாபொல உதவித்தொகைப் படிவத்தில் எங்கே பிழை விடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிற பிள்ளைக்குச் சிங்களத்தில் ஒரு இருபது சொல்லாவது சொல்லிக் கொடுங்கள், கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும். வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறும்போது புதிதாக வந்தவர்களையும் கூப்பிடுங்கள். அந்த மலையில் நின்று மணி அடிக்கிற சத்தம் கேட்டால் அரைவாசி வீட்டு ஞாபகம் குறையும், எனக்குக் குறைந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளிவாசல் எங்கே, ஹலால் சாப்பாடு எங்கே என்று கேட்காமலே சொல்லுங்கள். தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளைகளிடம் எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், அவர்களாகச் சொல்லட்டும்.

பிறகு, பாட்டுப் பாடச் சொல்லிக் கேளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காவியம் தெரிந்த பிள்ளை வரும், வசந்தன் கூத்து ஆடத் தெரிந்த பிள்ளை வரும், காமன் கூத்தில் தப்படித்த பிள்ளை மலையகத்திலிருந்து வரும், நாட்டார் பாட்டும் கவியும் ஆச்சியிடம் கேட்ட முஸ்லிம் பிள்ளை அக்கரைப்பற்றிலிருந்து வரும். பாடினால் கைதட்டுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நன்றாகப் பாடினால் தமிழ்ச் சங்கத்தின் அடுத்த விழாவில் பெயரைப் போடுங்கள். சரச்சந்திர பெயரில் இருக்கிற திறந்தவெளி அரங்கில் ஒரு முழுக் கூத்து ஆட உங்கள் பெச்சாலும் வருகிற பெச்சாலும் முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். நடந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், எங்கள் ஒழுங்கைப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, புல்லில் இருந்து பார்க்கிறேன்.

உங்களில் ஒருவர் மட்டும் "வேண்டாமடா, விடுங்கள்" என்று சொல்லப் போகிறவராக இருந்தால், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பெச்சிலிருந்து ஒதுக்குவார்கள், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். தனியாகச் சொல்லாதீர்கள். இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரு அறை வாசலில் நின்றால் உள்ளே ஒன்றும் நடக்காது.

மட்டக்களப்பிலிருந்து விடியற்காலையில் புறப்படுகிற பஸ் கண்டிக்கு வர மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்தில் பெரும்பாலும் மழை. ஒரு குடை கொண்டு போங்கள். அந்தப் பிள்ளை அனேகமாக வாளி கொண்டு வந்திருக்காது.

அன்புடன்,
கலைப்பீடத்துப் பழைய அக்கா ஒருத்தி